நியூசிலாந்து குழுச் சுற்றுலா: பணம் கட்டும் முன் கேளுங்கள்

கோடை விடுமுறைக்கான முன்பதிவு தொடங்கியதும் கடிதங்களும் வரத் தொடங்கிவிட்டன. இந்த முறை பெரும்பாலானவை நியூசிலாந்தின் தென்தீவு பற்றியவை. ஏரி, பனிமலை, மில்ஃபோர்டு சவுண்ட் என்ற ஃபியோர்டு (செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்த இடம்), எல்லாம் ஒரே பேக்கேஜில்.

மில்ஃபோர்டில் படகுச் சவாரி அன்று மழை பெய்தால் பணம் திரும்பக் கிடைக்குமா? (கரூர்)

கிடைக்காது, கேட்கவும் வேண்டாம். ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இடம் அது. சென்னைக்கு ஆண்டு முழுக்கப் பெய்வதே சுமார் 1,400தான். வறண்ட நாளில் அங்கே பெரிய அருவிகள் இரண்டுதான் விழும். மழை வந்தால் பாறைச் சுவர் முழுக்க நூற்றுக்கணக்கில் இறங்கும்.

மே மாதம் போகிறோம். ஒரு ஏஜெண்ட் குயின்ஸ்டவுனில் மூன்று இரவு தங்கவைத்து, மில்ஃபோர்டை ஒரே நாளில் காட்டுகிறார். இன்னொருவர் அதில் ஓர் இரவை மில்ஃபோர்டு போகும் வழியில் உள்ள டே அனா என்ற ஊருக்கு மாற்றி, தலைக்கு 14,000 ரூபாய் கூடக் கேட்கிறார். முதலாமவரிடமே போகலாமா? (சேலம்)

கூடுதல் பணத்தைக் கொடுத்து டே அனாவில் தங்குங்கள். ஏன் என்று கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் நம் ஏஜெண்டுகள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு.

வரைபடத்தில் குயின்ஸ்டவுனும் மில்ஃபோர்டும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். பறவை பறக்கும் தூரம் 70 கிலோமீட்டர் சொச்சம். ஆனால் நடுவே மலைத்தொடர். குறுக்கே சுரங்கப்பாதை வெட்டும் திட்டம் ஒன்று வந்தது, அது தேசியப் பூங்காவைக் கெடுக்கும் என்று 2013-ல் அரசு மறுத்துவிட்டது. அதனால் பேருந்து தெற்கே இறங்கி, டே அனாவைச் சுற்றி, மறுபடி வடக்கே ஏற வேண்டும். ஒரு வழிக்கு 290 கிலோமீட்டர். போய்த் திரும்ப, நிறுத்தங்களோடு சேர்த்து, 12 முதல் 13 மணி நேரம். படகில் இருப்பது இரண்டு மணி நேரம், சில படகுகளில் அதுவும் இல்லை.

இதில் மே மாதம் வேறு. அங்கே அது குளிர்காலத்தின் வாசல். மே நடுவில் குயின்ஸ்டவுனில் எட்டு மணி வாக்கில்தான் விடியும், ஐந்தேகாலுக்குச் சூரியன் மறைந்துவிடும். காலை ஏழு மணிக்குப் புறப்படும் பேருந்து வகாடிபு ஏரிக்கரையை இருட்டில் கடக்கும், இரவு திரும்பும்போதும் இருட்டிலேயே கடக்கும். ஏரி பார்க்கக் காசு கட்டியவருக்கு ஜன்னல் கண்ணாடியில் தன் முகம்தான் தெரியும். டே அனாவில் தங்கினால் மில்ஃபோர்டு 120 கிலோமீட்டர், இரண்டு மணி நேரப் பயணம். எக்லின்டன் பள்ளத்தாக்கையும், பாறையைக் குடைந்த ஹோமர் சுரங்கத்தையும் பகல் வெளிச்சத்தில் பார்க்கலாம்.

இதெல்லாம் ஏஜெண்டுகளுக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். பயணத் திட்டத்தில் "அழகிய சாலைப் பயணம்" என்று ஒரு வரி போடுவார்கள், மணிக்கணக்கைப் போடமாட்டார்கள். ஒவ்வொரு நாளும் பேருந்தில் எத்தனை மணி, இடத்தில் எத்தனை மணி என்று எழுத்தில் கேளுங்கள். பஸ்ஸை விட்டு இறங்கி நிற்கும் நேரத்துக்குத்தான் நீங்கள் பணம் தருகிறீர்கள். எழுதித் தர மறுப்பவரிடம் முன்பணம் கட்டாதீர்கள்.

நியூசிலாந்தில் சிகிச்சை இலவசம், இன்ஷூரன்ஸ் வேண்டாம் என்கிறார் ஏஜெண்ட். (தஞ்சாவூர்)

பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. அங்கே ஏசிசி என்ற அரசு அமைப்பு, விபத்தில் காயம்பட்டால் சுற்றுலா வந்தவரின் சிகிச்சைச் செலவிலும் பங்கேற்கும். நெஞ்சுவலி, காய்ச்சல் போன்ற நோய்களுக்கு அது வராது. பயணம் பாதியில் நின்ற நஷ்டத்துக்கும் வராது. பாலிசி எடுங்கள், சர்க்கரை, பிரஷர் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

பருப்புப் பொடி, ஊறுகாய் கொண்டுபோகலாமா? விமான நிலையத்தில் சொல்லாமல் இருப்பதே நல்லது என்கிறார்கள். (கோவை)

சொல்லுங்கள். சொன்னால், அதிகபட்சம் பொருளை எடுத்துக்கொள்வார்கள். சொல்லாமல் மாட்டினால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

மழைக்கோட்டு இங்கேயே வாங்குவதா, அங்கே போய் வாங்குவதா? (விருதுநகர்)

இங்கேயே வாங்கலாம், ஆனால் கோட்டைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள். தையல்மேல் பட்டை ஒட்டி மூடியிருக்க வேண்டும். நான் வாங்கியதன் உறையில் வாட்டர்ப்ரூஃப் என்று பெரிதாகப் போட்டிருந்தது. மில்ஃபோர்டின் ஸ்டிர்லிங் அருவி 150 மீட்டருக்கு மேல் உயரம், படகின் மூக்கை அதன் அடியிலேயே கொண்டுபோய் நிறுத்துவார்கள். துணி தாங்கியது, தோள் தையல் தாங்கவில்லை. தண்ணீர் ஊசித் துளை வழியே இறங்கி, சட்டை தோளோடு ஒட்டிக்கொண்டது. அந்தக் குளிரில் மிச்ச நேரமெல்லாம் உள்ளே கேபினில்தான் உட்கார வேண்டியிருந்தது. கடைக்காரரிடம் பில்லோடு போனேன், "சார், அருவிக்கெல்லாம் கேரண்டி இல்லை" என்றார்.

முகநூல் விளம்பரம் பார்த்து ஒருவரின் ஜிபே எண்ணுக்கு 1,80,000 ரூபாய் அனுப்பினேன். ரசீது கேட்கவில்லை. மூன்று வாரமாகப் போனை எடுக்கவில்லை. (ஊர் வேண்டாம்)

மூன்று வாரம் எதற்குக் காத்திருந்தீர்கள்? அலுவலகம் எங்கே என்று தெரியாது, ஜிஎஸ்டி எண் தெரியாது, கட்டியதோ தனிநபர் கணக்கில். இதைச் செய்யாதீர்கள் என்று இந்தப் பகுதியில் சலிக்கச் சலிக்க எழுதியாகிவிட்டது. இதைப் படித்த கையோடு சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், வங்கியிலும் எழுத்தில் புகார் கொடுங்கள். பணம் வேறு கணக்குக்கு நகராமல் இருந்தால்தான் முடக்க முடியும்.

ஓய்வூதியப் பணத்தில் நானும் மனைவியும் ஜூன் கடைசியில் போனோம். பனிச்சரிவு அபாயம் என்று மில்ஃபோர்டு சாலையை மூடிவிட்டார்கள். அன்று முழுக்க ஹோட்டலில் இருந்தோம். படகுக் கட்டணத்தைக் கேட்டால், "இயற்கைச் சீற்றம், ரீஃபண்ட் கிடையாது" என்கிறது டூர் நிறுவனம். (திருநெல்வேலி)

ஐயா, படிக்கவே வருத்தமாக இருந்தது. சாலை மூடியது யார் குற்றமும் இல்லை. குளிர்காலத்தில் அங்கே அது நடப்பதுதான், அதை முன்கூட்டிச் சொல்லாதது அவர்கள் குற்றம். போகாத படகுக்குப் பணத்தை வைத்துக்கொள்வது அதைவிடப் பெரிய குற்றம். சாலை மூடினால் படகுக்காரர்கள் கட்டணத்தைத் திருப்புவதோ வேறு நாளுக்கு மாற்றுவதோதான் வழக்கம். அப்படியானால் உங்கள் பணம் இவர்கள் கையில் இருக்க வாய்ப்பு அதிகம்.

படகு நிறுவனத்துக்கு இவர்கள் பணம் கட்டிய ரசீதையும், ரத்துக்கு வந்த பதிலையும் மின்னஞ்சலில் கேளுங்கள். 15 நாள் கெடு கொடுங்கள். அப்புறம் 1915 நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் நெல்லை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரே போதும், சென்னைக்கு அலைய வேண்டாம். நிறுவனத்துக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட்டாக வேண்டும். படகுக் கட்டணத்தோடு வீணான நாளுக்கும் மன உளைச்சலுக்கும் சேர்த்தே கேளுங்கள். மனு எழுதியதும் ஒரு நகலை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

பேக்கேஜ் விலைக்கு மேல் டிசிஎஸ் என்று தனியாக வாங்குகிறார்கள். ஏமாற்றா? (ஈரோடு)

இல்லை, சட்டப்படி வாங்குவதுதான். டிசிஎஸ் என்பது வெளிநாட்டுப் பேக்கேஜ் விற்பவர் உங்களிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி. உங்கள் பான் எண்ணில் அது ஏறியிருக்கிறதா என்று வருமான வரி இணையதளத்தில், உங்கள் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் படிவத்தில் பாருங்கள். ஏறியிருந்தால் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், வரி இல்லை என்றால் திரும்பப் பெறலாம். ஏறவில்லை என்றால் ஏஜெண்டை விடாதீர்கள்.