கெய்ரோவின் ஜின்கள், தொடரின் நான்காவது கதை: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

பி. ஜெலி கிளார்க்கின் 'எ மாஸ்டர் ஆஃப் ஜின்' நாவல் 2021இல் வந்தது. களம் 1912ஆம் ஆண்டின் கெய்ரோ. சில பத்தாண்டுகளுக்கு முன் அல்-ஜாஹிஸ் என்ற சூடானிய ஞானி இரண்டு உலகங்களுக்கு நடுவே இருந்த தடுப்பைத் திறந்துவிட, ஜின்கள் மனிதர்களோடு வந்து குடியேறிவிடுகின்றன. அவற்றின் துணையோடு எகிப்து ஒரு வல்லரசாகிறது. இப்படிப்பட்ட நகரத்தில், அல்-ஜாஹிஸைப் போற்றும் ஓர் ஆங்கிலேய ரகசியச் சங்கத்தின் உறுப்பினர்கள் ஒரே இரவில் எரித்துக் கொல்லப்படுகிறார்கள். கொன்றவனோ தானே அல்-ஜாஹிஸ் என்கிறான். துப்புத் துலக்க வருபவள் அமானுஷ்ய விவகாரங்களுக்கான அமைச்சகத்தின் அதிகாரி ஃபாத்மா.

இந்தத் தொடரை முதல் கதையிலிருந்தே கூடவே படித்து வருகிறேன். வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை பதில் சொல்கிறேன். கொலையாளி யார் என்பதை மட்டும் எங்கேயும் சொல்லவில்லை. பயப்படாமல் படிக்கலாம்.

கேள்வி: முந்தைய கதைகளைப் படிக்காமல் நேரே நாவலுக்குப் போகலாமா?

போகலாம், கதை புரியும். ஆனால் 2016இல் வந்த 'எ டெட் ஜின் இன் கெய்ரோ'வை மட்டுமாவது முதலில் படித்துவிடுங்கள். ஒரே மாலையில் முடிந்துவிடும். ஃபாத்மாவும் அவள் காதலி சிதியும் முதன்முதலில் சந்திப்பது அதில்தான். அதன் முடிவில் நடப்பதை நாவலில் பலர் நினைவுகூர்கிறார்கள். 2019இல் வந்த ட்ராம் வண்டிக் கதை ஹாமித், ஒன்ஸி என்ற வேறு இரண்டு அதிகாரிகளைப் பற்றியது. அதைப் பிறகு படித்தாலும் நஷ்டமில்லை. இவற்றுக்கு நடுவில், 2017இல், கான் அல்-கலீலி கடைத்தெருவை வைத்து ஒரு சிறுகதையும் இருக்கிறது.

கேள்வி: பாதிப் புத்தகத்திலேயே கொலையாளியைக் கண்டுபிடித்துவிட்டேன். துப்பறியும் கதைக்கு இது பெரிய குறைதானே?

இதே கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறீர்கள். குறைதான், மறுக்கவில்லை. சந்தேகப்பட வேண்டிய ஆட்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் ஒருவர் மேல் ஆசிரியர் அடிக்கடி வெளிச்சம் போடுகிறார். துப்பறியும் கதைகளில் பழகியவர்களுக்கு அது உடனே கண்ணில் படும். குற்றவாளியை ஒளித்துவைப்பதில் முதல் குறுங்கதை இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது என்றுகூடச் சொல்வேன்.

ஆனால் நாவலின் உண்மையான புதிர் அது இல்லை. அல்-ஜாஹிஸின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவன் வீதியில் நின்று பேசுகிறான். ஏழைகளின் பசியைப் பேசுகிறான், அமைச்சகத்தின் பகட்டைப் பேசுகிறான். அவன் சொல்வதில் பாதி உண்மை. ஆள் போலி என்று தெரிந்தாலும் கூட்டம் ஏன் அவன் பின்னால் போகிறது? ஒரு நாட்டின் மகத்தான நினைவைக் கையில் எடுத்துக்கொள்ளும் உரிமை யாருக்கு? ஃபாத்மா திணறுவது இந்தக் கேள்விகளில்தான். குற்றவாளியின் பெயர் முன்கூட்டியே தெரிந்துவிட்ட வாசகருக்கு அந்த வீதிக் காட்சிகள் இன்னும் கசப்பாகவே இருக்கும். அடுத்த முறை படிக்கும்போது அவன் பேச்சை மட்டும் தனியாகக் கவனியுங்கள். யாருடைய துயரத்தை யார் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: இதில் எவ்வளவு உண்மை வரலாறு, எவ்வளவு கற்பனை?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். நாவலின் ரசம் பாதி இதில்தான் இருக்கிறது.

1882 செப்டம்பர் 13, விடியற்காலை. டெல் எல்-கெபிர் என்ற இடத்தில் அகமது உராபியின் எகிப்தியப் படையை, வுல்ஸ்லி தலைமையில் வந்த பிரிட்டிஷ் படை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முறியடித்தது. அதோடு எகிப்து பிரிட்டன் கைக்குள் போனது. கிளார்க் வரலாற்றைத் திருப்பிவிடுவது இந்த இடத்தில். அவர் கதையில் ஜின்கள் எகிப்தின் பக்கம் நிற்கின்றன, படையெடுத்தவர்கள் தோற்றுப்போகிறார்கள்.

உண்மையான 1912 எப்படி இருந்தது? பெயருக்கு அப்பாஸ் ஹில்மி என்ற கெதீவ், அதாவது எகிப்தின் ஆட்சியாளர், இருந்தார். அதிகாரமோ பிரிட்டனின் பிரதிநிதியான கிச்சனர் கையில். 1898இல் ஓம்துர்மானில் சூடானியரைக் கொன்று குவித்த போரை நடத்தியவர் அவர்தான். 1906இல் தின்ஷவாய் கிராமத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகள் புறா வேட்டையாடப் போய்த் தகராறு மூண்டது. அதற்காகக் கிராமத்தார் 4 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். இதெல்லாம் தெரிந்துகொண்டு நாவலுக்குத் திரும்புங்கள். கெய்ரோவில் உலகத் தலைவர்கள் கூடும் சமாதான மாநாடும், அதற்கு வந்து எகிப்தின் தயவை எதிர்பார்த்து நிற்கும் ஐரோப்பியர்களும் வெறும் அலங்காரமாகத் தெரியமாட்டார்கள். தோற்றவர்கள் ஜெயித்திருந்தால் என்ற ஏக்கம் அந்தப் பக்கங்களில் இருக்கிறது.

நமக்கு நெருக்கமான ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். டெல் எல்-கெபிரில் தோற்ற உராபி பாஷாவை பிரிட்டிஷார் நாடு கடத்தியது இலங்கைக்கு. 1883இலிருந்து 1901 வரை கொழும்பிலும் கண்டியிலும் இருந்தார். கண்டியில் அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். கொழும்பு சாஹிரா கல்லூரியின் தொடக்கத்தோடு அவர் பெயரும் இலங்கை முஸ்லிம் அறிஞர் சித்திலெப்பை பெயரும் சேர்ந்தே பேசப்படும். அதே சித்திலெப்பை 1885இல் எழுதிய 'அசன்பே சரித்திரம்' தமிழின் ஆரம்ப நாவல்களில் ஒன்று. அதன் நாயகனும் எகிப்தில் பிறந்தவன்தான்! கெய்ரோவை வைத்து நாவல் படிப்பது தமிழ் வாசகர்களுக்குப் புதிய பழக்கமில்லை.

கேள்வி: அல்-ஜாஹிஸ் என்று ஒருவர் உண்மையில் இருந்தாரா?

அந்தப் பெயரில் ஒருவர் இருந்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் பாஸ்ராவில் வாழ்ந்த அரபு எழுத்தாளர், விலங்குகளைப் பற்றிப் பல பாகங்களில் எழுதியவர். ஆப்பிரிக்க வம்சாவளி என்று சொல்லப்படுபவர். கறுப்பு மக்களின் பெருமையைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். நாவலின் ஞானிக்கு இந்தப் பெயர் கிடைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அவரும் இவரும் ஒருவரா என்று கதைக்குள்ளேயே ஆட்கள் விவாதிக்கிறார்கள்.

அவரைச் சூடானியராகப் படைத்ததிலும் அர்த்தம் இருக்கிறது. 1820களில் முகம்மது அலி என்பவர் ஆண்ட எகிப்து சூடானைப் பிடித்தது, அங்கிருந்து ஆட்களை அடிமைகளாகக் கொண்டுவந்தது. அந்த எகிப்து இப்போது ஒரு சூடானியரைத் தன் ரட்சகராகக் கொண்டாடுகிறது, அதே சமயம் தெருவில் கறுப்புத் தோலை ஏளனமாகப் பார்க்கிறது. கிளார்க் அடிமைமுறையை ஆராயும் வரலாற்றுப் பேராசிரியர். தன் நாயக தேசத்தின் கறையை அவர் மூடி மறைக்கவில்லை. இந்தத் தொடரை நான் மதிப்பதற்கு இதுவே முதல் காரணம்.

கேள்வி: ஃபாத்மாவுக்குத் துணை அதிகாரியாக ஹாதியாவைப் புதிதாக ஏன் நுழைத்தார்? ஃபாத்மா அவளிடம் எரிந்து விழுவதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

எனக்கும் அந்த ஆரம்ப அத்தியாயங்களில் ஃபாத்மா மேல் கோபம் வந்தது. தனியாகவே வேலை பார்த்துப் பழகியவள், தன் மேல் ஒரு துணையைத் திணிக்கிறார்கள் என்று நினைக்கிறாள். பெண் அதிகாரிகள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கும் அலுவலகத்தில், இன்னொரு பெண் வந்தால் வரவேற்க வேண்டியவள் அவள்தான். அவளே கதவைச் சாத்துகிறாள். கதைக்கு இது தேவை. தலையில் முக்காடு, நேரம் தவறாத தொழுகை, பையில் ஆயுதம் என்று வரும் ஹாதியா எதிலும் ஃபாத்மாவுக்கு இளைத்தவள் இல்லை. அவர்கள் இருவரும் சரிசமமாகப் பேச ஆரம்பித்த பிறகுதான் விசாரணையே சூடு பிடிக்கிறது. அடுத்த கதை வந்தால் நான் ஹாதியாவுக்காகவே முதலில் வாங்குவேன்.

கேள்வி: 1912இல் ஒரு எகிப்தியப் பெண் கோட் சூட், தொப்பி, கைத்தடியோடு திரிவது நம்பும்படியாக இல்லையே?

கதைக்குள்ளும் எல்லாரும் அவளைத் திரும்பித்தான் பார்க்கிறார்கள். ஆனால் அன்றைய கெய்ரோவில் பெண் விடுதலை பேசாப் பொருள் இல்லை. பெண் விடுதலை பற்றிக் காசிம் அமீன் என்ற எகிப்திய எழுத்தாளர் எழுதிய நூல் 1899லேயே பெரிய சர்ச்சையைக் கிளப்பியிருந்தது. பெண்ணுரிமைப் போராளி ஹுதா ஷஅராவி 1923இல் ரயில் நிலையத்தில் முகத்திரையை விலக்கினார். வாக்குரிமை கிடைக்க மட்டும் 1956 ஆனது. ஃபாத்மாவின் குடும்பப் பெயரும் ஷஅராவிதான், கவனித்தீர்களா?

கேள்வி: நாவலில் வரும் சுலைமான் முத்திரை இஸ்லாமிய நம்பிக்கையா, கதையா?

ஜின்கள் சுலைமான் நபிக்கு வேலை செய்தது குர்ஆனில் இருக்கிறது. புகையில்லா நெருப்பிலிருந்து படைக்கப்பட்டவை என்பதும் இருக்கிறது. ஜின்களை அடக்கும் மோதிரம் பிற்கால மரபுக் கதைகளில் வளர்ந்தது. ஆயிரத்தொரு இரவுகளில் மீனவன் வலையில் சிக்கும் ஜாடி அந்த முத்திரையால் மூடப்பட்டது என்பது பலருக்கு நினைவிருக்கும்.

கேள்வி: கடைசிப் பகுதி சினிமா சண்டை மாதிரி ஆகிவிட்டது. இதற்கு விருது எப்படி?

அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் தரப்படும் நெபுலா விருது, லோகஸ் இதழின் முதல் நாவல் விருது இரண்டும் வாங்கியது. கடைசிச் சண்டை நீளம்தான், நானும் சில பக்கங்களை வேகமாகத் தள்ளினேன். நூறு பக்கம் நிதானமாகத் துப்புத் துலக்கிய ஃபாத்மா அங்கே ஓடிக்கொண்டே இருக்கிறாள், யோசிக்க அவகாசமே இல்லை. இருந்தாலும், அடிமைப்படுத்தும் ஒரு சக்தி கைக்கு வரும்போது நல்லவள் ஒருத்தி என்ன செய்வாள் என்ற கேள்வி அந்தச் சண்டைக்குள்தான் வருகிறது. அந்த இரண்டு பக்கங்களை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள்.

கேள்வி: மறுபடி படிப்பதென்றால் எங்கிருந்து?

முதல் அத்தியாயம். அந்தச் சங்கத்து மனிதர்கள் மாளிகையில் கூடிப் பேசுவது, அவர்கள் எகிப்தைப் பார்க்கும் விதம், அப்புறம் உடல்கள் கருகியும் உடைகள் கருகாமல் கிடப்பது. முடிவு தெரிந்த பிறகு அங்கே யார் என்ன சொல்கிறார்கள், யார் அங்கே இல்லை என்று பாருங்கள். நான் கொலையாளியைச் சொல்லாமல் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.