பல் நறநறத்தல்: பல் வைத்தியரின் பதில்கள்

கேள்வி (தலவாக்கலை): என் ஆறு வயது மகன் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறான். பூச்சி மருந்து கொடுத்தும் நிற்கவில்லையே, டொக்டர்?

பதில்: வயிற்றுப் பூச்சிதான் காரணம் என்று நம் தோட்டத்து லயக் குடியிருப்புகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தாலும், அதற்கு உறுதியான சான்று இல்லை. தூக்கம் சில நொடிகள் இலேசாகக் கலையும்போது மூளையே தாடைத் தசைகளை இயக்கிவிடுகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர இது குறைந்துவிடும். குறட்டை விட்டு, வாயால் மூச்சு விடுகிறான் என்றால் மட்டும் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள்.

கேள்வி (ஹட்டன்): விடிந்ததும் தாடை இறுகி, காதோரம் வலிக்கிறது. காதில் கோளாறு இல்லையாம். பல் கடிப்பதாலா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

பதில்: பெரும்பாலும் கருவி எதுவும் தேவைப்படாது. கன்னங்களில் விரல் வைத்துக்கொண்டு இறுகக் கடிக்கச் சொன்னால் தசை புடைத்தெழும், அழுத்தினால் நோகும். நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தடமும், கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைக் கோடும் இருக்கலாம். பிறகு கீழ்த்தாடையை மெல்லப் பக்கவாட்டில் நகர்த்தச் சொல்வேன். அப்போது மேல், கீழ் வேட்டைப்பற்களின் தேய்ந்து மினுங்கும் முகங்கள் ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்தினால் சந்தேகம் வலுக்கும். ஆனால் தேய்மானம் பழையதாகவும் இருக்கலாம், வெற்றிலை போடுபவர்களுக்கும் பல் தேய்ந்து தசை தடித்திருக்கும். ஆகவே உடன் உறங்குபவர் சத்தம் கேட்டாரா என்று விசாரிக்காமல் முடிவு சொல்வதில்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கே தூக்கப் பரிசோதனை அவசியமாகிறது.

கேள்வி (பண்டாரவளை): பற்களை அராவிச் சமப்படுத்தினால் குணமாகுமா? இரவில் பல்மேல் மாட்டிக்கொள்ளும் தட்டு போடுவது நல்லதா?

பதில்: அராவ இடம் கொடுக்காதீர்கள். கடி பொருந்தாததே காரணம் என்ற பழைய கருத்து இன்று பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது. போன எனாமலோ மீண்டும் வளராது. அச்செடுத்துச் செய்யும் கடினமான அக்ரிலிக் தட்டு பல்லைக் காக்குமே தவிர, கடிப்பதை நிறுத்தாது. அதன்மேல் விழும் கீறல்களே அதற்குச் சாட்சி. வெந்நீரில் கழுவினால் கோணிவிடும். அருகில் வசதி இல்லாவிட்டால், பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி (பதுளை): மனச்சோர்வுக்கு செர்ட்ரலின் தொடங்கிய பிறகே கடிக்கிறேன். நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தக்கூடாது. அவ்வகை மருந்துகள் சிலருக்கு இதை உண்டாக்குவதுண்டு. எழுதிக் கொடுத்த வைத்தியரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்ப்பார்.

கேள்வி (மஸ்கெலியா): நான் பகலில், தோட்டக் கணக்கு எழுதும்போது கடிக்கிறேன்.

பதில்: விழித்திருக்கும்போது கடிப்பது பழக்கம், பழக்கத்தை மாற்றலாம். உதடுகள் மூடியிருக்க, பற்கள் தொடாதிருக்க, நாக்கு மேலண்ணத்தில் இலேசாகப் படிந்திருக்க வேண்டும். பேரேட்டின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி ஒன்று வைத்து, கண்ணில் படும்போதெல்லாம் தாடையைத் தளர்த்துங்கள். இரவிலும் கடிப்பதாக வீட்டார் சொன்னால், மாலைக்குப் பிறகு பிளேன்டீயையும் விட்டுவிடுங்கள். தேயிலை மலையில் இருந்துகொண்டு அது எளிதல்ல என்பதும் எனக்குத் தெரியும்.