அங்கன்வாடியில் பல் துலக்கலாமா?

கேள்வி: எங்கள் அங்கன்வாடியில் 20 பிள்ளைகள். வருடம் ஒருமுறை பல் முகாம் நடந்தும் சொத்தைப் பல் குறையவில்லை. தினமும் இங்கேயே துலக்க வைக்கலாமா?
– அங்கன்வாடிப் பணியாளர், சேலம் மாவட்டம்

பதில்: தாராளமாக. முகாமில், வந்துவிட்ட சொத்தையைத்தான் கண்டுபிடிக்க முடியும். வராமல் தடுப்பது, பேஸ்ட்டிலிருந்து தினமும் பல்லில் படும் ஃபுளோரைடு என்ற தாது. ஸ்காட்லாந்தில் ‘சைல்ட்ஸ்மைல்’ திட்டத்தில் நர்சரிப் பிள்ளைகள் தினமும் பெரியவர்கள் கண்முன்னே துலக்குகிறார்கள். அங்கே சொத்தை நன்றாகவே குறைந்திருக்கிறது.

பேஸ்ட் வாங்கும்போது பின்பக்கம் படியுங்கள். ஃபுளோரைடு 1000 பிபிஎம் (ppm, பத்து லட்சம் பங்கில் 1000 பங்கு) இருக்க வேண்டும். பழ வாசனை வரும் குழந்தைப் பேஸ்ட் சிலவற்றில் அது அறவே கிடையாது. மூன்று வயதுக்குள் அரிசியளவு, அதற்கு மேல் பட்டாணியளவு போதும்.

ட்யூபை ஒவ்வொரு பிரஷ்ஷிலும் தொட்டுப் பிதுக்கினால் ஒருவர் எச்சில் எல்லோருக்கும் போகும். கழுவிய தட்டின் ஓரத்தில் இடைவெளி விட்டுப் பொட்டுப் பொட்டாக வைத்து, ஆளுக்கொரு பொட்டு வழித்துக் கொடுங்கள். இரண்டு நிமிடம் துலக்கி, நுரையைத் துப்பினால் போதும். வாய் கொப்பளித்தால் ஃபுளோரைடும் தண்ணீரோடு போய்விடும். நமக்கு ஊறிப்போன பழக்கம் என்பதால் இதை மாற்றுவதுதான் சிரமம். விடாமல் சொல்லிக்கொண்டே இருங்கள்.

பிரஷ்களை ஒரே டம்ளரில் போடாதீர்கள். ஒவ்வொன்றையும் குழாயடியில் தனித்தனியாக அலசி, துளையிட்ட ஸ்டாண்டில் ஒன்றையொன்று தொடாமல் நிமிர்த்தி வையுங்கள். மூடி வேண்டாம், ஈரம் காய வேண்டும். பெயர் படிக்கத் தெரியாத வயது. கிளி, மாம்பழம், பஸ் என்று படம் ஒட்டுங்கள். தரையில் விழுந்ததை எறிந்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கொரு முறை புது பிரஷ்.

இரவு வீட்டில் துலக்குவதும் கட்டாயம் வேண்டும். அதன்பிறகு தண்ணீர் மட்டுமே, பால் பாட்டில் கூடாது.

கேள்வி: எங்கள் தண்ணீரிலேயே ஃபுளோரைடு அதிகம். பேஸ்ட்டிலும் வேண்டுமா?
– வாசகர், தருமபுரி

பதில்: பல்லில் கறை விழுவது, பல் உருவாகும் வயதில் அதிகமாக விழுங்கும் ஃபுளோரைடால். அதனால் முதலில் தண்ணீரைக் கவனியுங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தால் குடிக்க, சமைக்க அதையே பயன்படுத்துங்கள். போர் தண்ணீரைச் சோதித்து, ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குடிக்க, சமைக்க அது வேண்டாம். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். துப்பத் தெரியாத பிள்ளைக்குப் பேஸ்ட் பற்றிப் பல் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பால் பல் விழத்தானே போகிறது?
– வாசகி, மதுரை

பதில்: கடைவாய்ப் பால் பற்கள் 10, 12 வயதுவரை இருக்கும், அத்தனை வருடம் பிள்ளை அவற்றால்தான் மெல்ல வேண்டும். மேலுதட்டைத் தூக்கி, ஈறோரம் சுண்ணாம்புக் கோடுபோல் வெள்ளை தெரிகிறதா பாருங்கள். சொத்தையின் தொடக்கம் அது. குழி விழுமுன் பல் டாக்டரிடம் போனால், ஃபுளோரைடு வார்னிஷ் என்ற பூச்சைப் பல்லில் பூசி நிறுத்தலாம். ஆறு வயதில் எந்தப் பல்லும் விழாமலே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய பல் முளைக்கும். பால் பல் என்று நினைத்து அதை விட்டுவிடாதீர்கள், அது நிரந்தரப் பல்.