ஈரல் நோயும் இருண்டுபோன மனமும்

கேள்வி: எனக்கு 47 வயது. குடியாத்தம் அருகே கைலி நெசவு செய்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வயிறு வீங்கி வேலூரில் சேர்த்தார்கள். கல்லீரல் சுருங்கிவிட்டது, காரணம் ஹெபடைடிஸ் பி கிருமி என்றார்கள். ஒரு நாளும் குடித்தவனில்லை நான். ஊரிலோ ‘குடித்துக் கெட்டவன்’ என்றுதான் பேச்சு. வீட்டில் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். வயிற்று நீர் வடிந்துவிட்டது. ஆனால் ஆறு மாதமாக எதிலும் மனம் ஒட்டவில்லை. இரவெல்லாம் விழிப்பு, பகலில் தறியிலேயே கண் சொருகுகிறது. அறுந்த இழையை முடிவதற்குள் எந்த இழை என்று மறந்துபோகிறது. மலச்சிக்கல் இல்லாததால், கொடுத்த சிரப்பை நிறுத்திவிட்டேன். கிருமிக்கான மாத்திரையையும் சில நாள் போடுவதில்லை. அம்மா கீழாநெல்லி அரைத்துத் தருகிறார். பருப்பு, முட்டை, தயிர் எல்லாம் நிறுத்தி ரசம் சாதம் மட்டும்தான். மகளுக்கு 22 வயது, வரன் பார்க்கிறோம். நான் இருப்பது வீட்டுக்குப் பாரம் என்று தோன்றுகிறது. மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: தூக்க மாத்திரை வேண்டாம். ஒன்றுகூட வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன், ‘நான் இருப்பது வீட்டுக்குப் பாரம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் உடனே படிக்க முடியவில்லை. அதனால் நேராகவே கேட்கிறேன்: உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் உங்களுக்கு வருகிறதா? இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஏற்படுத்திவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்கள்தான் அதிகம். வருகிறது என்றால், இதைப் படித்து முடித்ததும் மனைவியிடம் சொல்லுங்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளையெல்லாம் அவரே வைத்துக்கொண்டு வேளைக்கு எடுத்துக் கொடுக்கட்டும். இரவு எத்தனை மணியானாலும் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது, 2022 முதல் இயங்குகிறது, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். எண்ணம் வலுத்தால் விடியட்டும் என்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். நெஞ்சுவலிக்கு யாரும் விடியும்வரை காத்திருப்பதில்லை; இதற்கும் அப்படித்தான்.

இனி உங்கள் நோய்க்கு வருகிறேன். ஈரல் கெட்டுப்போனவனுக்குக் கவலை இருக்கத்தானே செய்யும் என்று நீங்களும் நினைத்திருப்பீர்கள். உங்களைப் பார்த்த சிலரும் சொல்லியிருப்பார்கள். ஈரல் நோயாளிகளின் மனச்சோர்வு பல ஆண்டுகள் கவனிக்கப்படாமலே போவதற்கு இந்த ஒரு வாக்கியம் போதும். கவலை வேறு, ஆறு மாதமாக எதிலும் ஒட்டாத மனம் வேறு. பின்னது ஒரு நோய். ஈரலுக்கு எப்படிச் சிகிச்சை உண்டோ அப்படியே அதற்கும் உண்டு.

ஆனால் உங்கள் விஷயத்தில் இன்னொரு சந்தேகமும் எனக்கு இருக்கிறது. இரவில் விழிப்பு, பகலில் தூக்கம், இழையை மறந்துபோவது, சிரப்பை நிறுத்தியது. இந்த நான்கும் ஒரே கடிதத்தில் வந்தால் எந்த ஈரல் மருத்துவரும் நிமிர்ந்து உட்காருவார். நாம் சாப்பிடுவது குடலில் செரிக்கும்போது அம்மோனியா போன்ற கழிவுகள் உண்டாகின்றன. நல்ல ஈரல் அவற்றை இரத்தத்திலிருந்து பிரித்துவிடும். சுருங்கிய ஈரலால் அது முழுமையாக முடிவதில்லை. இரத்தத்தில் ஒரு பகுதி ஈரலுக்குள் நுழையாமலே சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. அந்தக் கழிவு மூளையை எட்டும்போது முதலில் கெடுவது தூக்கம். பிறகு நினைவு, நிதானம், கைவேலையின் நுணுக்கம். சோர்ந்து, பேச்சு குறைந்து, எரிச்சலோடு உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரைப் பார்த்தால் மனம் உடைந்துவிட்டார் என்றுதான் வீட்டார் நினைப்பார்கள்.

உங்களுக்குக் கொடுத்த சிரப் பெரும்பாலும் லாக்டுலோஸாக இருக்கும். மலச்சிக்கல் மருந்து என்று கடைக்காரர் சொல்வார், அதுவும் உண்மைதான். ஆனால் ஈரல் நோயாளிக்கு அதைத் தருவது அம்மோனியாவைக் குடலிலேயே பிடித்து வெளியேற்ற. மலச்சிக்கல் இல்லை என்று அதை நிறுத்துவது, பாவில் இழை அறவில்லை என்று கஞ்சி போடுவதை நிறுத்துவதுபோல. குறை உங்களுடையதல்ல. எதற்காகக் குடிக்கிறீர்கள் என்று யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. நாளைக்கே உங்கள் மருத்துவரைத் தொடர்புகொண்டு, சிரப்பை நிறுத்தியிருந்தேன், மீண்டும் எந்த அளவில் தொடங்கவேண்டும் என்று கேளுங்கள். நாளுக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போகவேண்டும் என்பதுதான் கணக்கு. தண்ணீராகப் போனால் அளவு அதிகம், அதுவும் கெடுதல்.

வீட்டில் மனைவி சிலவற்றைக் கவனிக்கலாம். பஸ்ஸை நிறுத்தக் கை காட்டுவதுபோல இரு கைகளையும் நீட்டி, மணிக்கட்டை மேலே மடக்கி, விரல்களை விரித்துப் பிடியுங்கள். கை படபடவென்று முன்னால் விழுந்து விழுந்து எழுகிறதா? ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்ல முடிகிறது? பத்தைத் தாண்டவில்லை என்றால் அது மருத்துவரிடம் சொல்லவேண்டிய செய்தி. ஒரு நோட்டில் தினமும் கையெழுத்துப் போட்டு வாருங்கள். எழுத்து கோணிக்கொண்டே போனால் கண்ணுக்குத் தெரியும். இது சரியாகும்வரை வேலூர் சாலையில் வண்டி ஓட்டாதீர்கள், பஸ்ஸில் போங்கள்.

தூக்க மாத்திரை ஏன் கூடாது என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. அல்பிரசோலம், டயசெபாம் போன்றவற்றை உங்கள் ஈரலால் நேரத்துக்கு வெளியேற்ற முடியாது. ஏற்கெனவே மங்கியிருக்கும் மூளையை அவை மயக்கத்துக்கே கொண்டுபோய்விடும். உடம்பு வலிக்கென்று டைக்ளோபினாக், இபுப்ரூஃபென் வாங்குவதும் வேண்டாம். சிறுநீரகத்தைக் கெடுக்கும், உள்ளே இரத்தம் கசிய வைக்கும். பாரசிட்டமால் போடலாம், ஆனால் நாளுக்கு 2 கிராமுக்கு மேல் கூடாது.

கிருமிக்கான மாத்திரையைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர், இரண்டில் எதைப் போடுகிறீர்களோ தெரியவில்லை. எதுவானாலும் ஒரு நாளும் விடாதீர்கள். நிறுத்தினால் அடங்கிக் கிடந்த கிருமி திரும்பிப் பாயும். சுருங்கிய ஈரலுக்கு அந்த ஒரு பாய்ச்சலே உயிருக்கு ஆபத்தாகலாம். வாங்க வசதியில்லாமல் விடுகிறீர்கள் என்றால், மத்திய அரசு 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். அரசு மருத்துவமனையில் கேளுங்கள்.

எதற்காக இத்தனை பாடு என்று கேட்பீர்கள். 2013இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். ஹெபடைடிஸ் பி கிருமியால் ஈரல் சுருங்கிய 96 பேர் ஐந்து ஆண்டுகள் டெனோஃபோவிர் சாப்பிட்டார்கள். பிறகு ஈரலில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தபோது, 71 பேருக்குச் சுருக்கம் என்று சொல்லும்படியான தழும்பே இல்லை. ஈரல் சுருங்கினால் திரும்பாது என்றுதான் என் தலைமுறை மருத்துவர்கள் படித்தோம். அந்தப் பாடத்தை இந்த மாத்திரை மாற்றி எழுதியது. அவர்கள் உங்களைப்போல வயிற்றில் நீர் கோக்கும் நிலைக்குப் போகாதவர்கள். அதை மறைத்துப் பொய்யான தெம்பு தரமாட்டேன். ஆனால் நீர் கோத்த பிறகும் கிருமி அடங்கியதால், நீர் மாத்திரையே தேவைப்படாத நிலைக்கு மீண்டவர்கள் உண்டு. உங்களுக்கு நீர் வடிந்திருக்கிறது. நோய் ஒரு படி இறங்கியிருக்கிறது. உங்கள் மனம் அதைக் கணக்கில் எடுக்க மறுக்கிறது. நிலைமை மோசமானாலும் மாற்றுக் கல்லீரல் சிகிச்சை இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கும் இடமுண்டு.

சிரப்பைச் சரியாக எடுத்துத் தூக்கம் ஒழுங்கான பிறகும் மனம் இருண்டே இருந்தால், அது மனச்சோர்வு. இரண்டும் சேர்ந்தே இருக்கவும் கூடும். அதனால் மனநல மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடவேண்டாம். இரத்தத்தில் சோடியம், தைராய்டு, இரத்தசோகை, சர்க்கரை ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இவையும் மனிதரை இப்படி முடக்கும். மனச்சோர்வுக்கு ஈரல் நோயாளிகளும் எடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. செர்ட்ரலின் போன்றதைக் குறைந்த அளவில் தொடங்குவார்கள். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று கைவிடக்கூடாது. அடிமையாக்கும் மருந்தல்ல அது. உணவுக்குழாயில் இரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது என்று எண்டோஸ்கோபியில் சொல்லியிருந்தால் அதை மறக்காமல் தெரிவியுங்கள். இந்த மருந்துகள் சிலருக்கு இரத்தக் கசிவைக் கூட்டும். டுலாக்ஸெட்டின் ஈரலுக்கு ஆகாது. ஆகவே எந்த மனநல மருத்துவரிடமும் முதல் வாக்கியமாக ஈரல் நோயைச் சொல்லுங்கள்.

எங்கே போவது? குடியாத்தம் அரசு மருத்துவமனையில், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்த நாளில் வருகிறார் என்று கேளுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பார்க்கலாம். வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையம் 1957 முதல் இருக்கிறது; நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுப்பது அங்கே நெடுநாள் வழக்கம். பாகாயம் என்று பெயர் சொன்னாலே முகம் சுளிக்கும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அதற்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

மருந்து வேலை செய்யும்வரை தறியை விட்டுவிடாதீர்கள். மனம் வந்தால் உட்காரலாம் என்று காத்திருந்தால் மனச்சோர்வில் மனம் வரவே வராது. உட்கார்ந்த பிறகுதான் வரும். காலையில் வெளிச்சம் இருக்கும்போது அரை மணி நேரம், அவ்வளவுதான். எத்தனை முழம் என்று எண்ணாதீர்கள். உட்கார்ந்தேன் என்று நோட்டில் குறியுங்கள். பகல் தூக்கத்துக்கு இதைவிட நல்ல மாற்று எனக்குத் தெரியாது.

அம்மாவிடம் இதமாகச் சொல்லவேண்டிய விஷயம் ஒன்று. கீழாநெல்லியை நான் ஏளனம் செய்யமாட்டேன். 1988இல் சென்னையில் செய்த ஆய்வில், அது ஹெபடைடிஸ் பி கிருமியை விரட்டுகிறது என்ற முடிவு ‘லான்செட்’ இதழிலேயே வந்தது. இந்தக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பர்க்கும் அந்த ஆய்வில் பங்கேற்றவர். ஆனால் பிறகு நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்று உறுதியான மருந்து கையில் இருக்கும்போது கீழாநெல்லியை நம்பி மாத்திரையை விடமுடியாது. வேறு சூரணம், கஷாயம் எதுவும் சேர்க்கவேண்டாம்.

அதைவிடப் பெரிய தவறு ரசம் சாதப் பத்தியம். ஈரல் நோயாளியின் சதை கரைந்தால் அம்மோனியா இன்னும் ஏறும். சதையும் அதை வெளியேற்ற உதவுகிறது. உங்கள் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம்வரை புரதம் தேவை. பருப்பு, பயறு, தயிர், முட்டை எல்லாம் திரும்ப வரட்டும். குறைக்கவேண்டியது உப்பு: ஊறுகாய், அப்பளம், கருவாடு. படுக்கும் முன் இரண்டு மூன்று இட்லியோ ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கஞ்சியோ சாப்பிடுங்கள். இரவு முழுக்க வெறும் வயிறு உங்களுக்கு ஆகாது.

அந்தத் தனித் தட்டை எடுத்துவிடச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் பி தட்டில் பரவாது, டம்ளரில் பரவாது, பக்கத்தில் உட்கார்ந்தால் பரவாது. இரத்தத்தாலும் உடலுறவாலும், பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும். தனியாக வைக்கவேண்டியவை சவரக் கத்தியும் பல் துலக்கும் பிரஷும் மட்டும். மனைவி, மகள், அம்மா எல்லோரும் ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். கிருமி இல்லாதவர்களுக்கு மூன்று தவணைத் தடுப்பூசி இருக்கிறது. மகள் பிறந்த காலத்தில் அது எல்லாக் குழந்தைகளுக்கும் போடப்படவில்லை. தடுப்பூசி போட்டுக்கொண்ட மகளின் திருமணத்துக்கு உங்கள் நோய் எந்த வகையிலும் தடையில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்மணி, கணவருக்கு இரண்டு வருடம் தனித் தட்டு வைத்ததை என்னிடம் சொல்லி அழுதார். பயத்தில் செய்ததுதான், பாசம் குறைந்து செய்ததல்ல. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். ஊர் வாயை மூடுவது உங்கள் வேலையல்ல. கேட்கும் ஒருவருக்கு மட்டும் ‘இது கிருமியால் வந்தது’ என்று சொல்லுங்கள், போதும்.

இரத்த வாந்தி, தார்போலக் கறுத்த மலம், காய்ச்சலோடு வயிற்றுவலி, ஆள் தெரியாமல் பேசுவது: இவற்றில் எது வந்தாலும் உடனே 108. மற்றபடி ஆறு மாதத்துக்கு ஒரு முறை வயிற்று ஸ்கேனைத் தவறவிடாதீர்கள்.

மருத்துவர் அறையில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். ஸ்கேனும் இரத்த அறிக்கையுமே அந்த நேரத்தைத் தின்றுவிடும். ஆகவே இப்போதே ஒரு தாளில் எழுதுங்கள்: இரவில் எத்தனை மணிக்குத் தூக்கம், சிரப்பை எப்போது நிறுத்தினீர்கள், மாத்திரை எத்தனை நாள் விட்டுப்போனது, என்னிடம் கேட்ட கேள்வியில் நீங்கள் எழுதிய அந்தப் ‘பாரம்’ என்ற வரி. மனைவியையும் உள்ளே அழைத்துப் போங்கள். மருத்துவர் ஸ்கேன் உறையைப் பிரிப்பதற்கு முன்பே அந்தத் தாளை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.