கையெழுத்துதான் பாக்கி

அன்புள்ள அய்யா,

பாளையங்கோட்டையில் வளர்ந்தவள் நான். நியூயார்க்கில் ஒரு பெரிய சட்ட நிறுவனத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். ஜனவரியிலிருந்து ஈக்விட்டி பார்ட்னர், அதாவது லாபத்தில் பங்குள்ள கூட்டாளி, என்று சொல்லிவிட்டார்கள். மூலதனம் போட வேண்டும். அதற்கான வங்கிக் கடனையும் ஆபீஸே ஏற்பாடு செய்கிறது, கையெழுத்துதான் பாக்கி. என் பயம் வேறு. கட்சிக்காரர்களுக்குப் பில் போட ஒவ்வொரு நாளையும் ஆறு ஆறு நிமிடமாகக் கணக்கெழுதி, ஒரு நாவலை உட்கார்ந்து படிக்கிற மனமே போய்விட்டது. பார்ட்னர் ஆனால் அது திரும்ப வருமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

வாழ்த்துகள். படிப்பு முடித்த கையோடு கெட்டிக்காரப் பிள்ளைகளாகப் பார்த்து எடு, வேலை வாங்கிப் பழக்கு, சில வருடங்களில் பார்ட்னராக்கு, இல்லையா, வெளியே அனுப்பு. பால் கிராவத் என்ற வக்கீல் நூறு வருடம் முன்பு நியூயார்க்கில் வகுத்த முறை அது. அந்தச் சல்லடையில் நீங்கள் நின்றிருக்கிறீர்கள். பார்ட்னர் தேர்வில் பெண் என்று ஒதுக்கினால் வழக்குப் போடலாமா என்பதே அமெரிக்காவில் 1984 வரை தீராமல் கிடந்தது. எலிசபெத் ஹிஷன் என்ற பெண் வக்கீல் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் தீர்ந்தது. உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

நாவல் கிடக்கட்டும், படிக்கிறவர் எப்படியும் படித்துவிடுவார். எனக்குக் கோபம் வந்தது 'கையெழுத்துதான் பாக்கி' என்ற வரியில். ஊரார் ஒப்பந்தத்தில் கமா விழுந்த இடத்தைக்கூட விடாத ஆள், சொந்த ஒப்பந்தத்தைப் படித்ததாகக் கடிதத்தில் எங்குமே காணோமே?

என் தாய்மாமா விருதுநகரில் ஓர் எண்ணெய் மில்லில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். முதலாளி ஒருநாள் கூப்பிட்டு, "இனிமே நீ ஒர்க்கிங் பார்ட்னர்ப்பா" என்றார். முதலாளி எதிரே உட்கார்ந்து பத்திரத்தைப் படிப்பது மரியாதையில்லை என்று மாமா நினைத்தார். போட்டார் கையெழுத்தை. மில் நொடித்தபோது முதலாளியின் சொத்தெல்லாம் சம்சாரம் பேரில் இருந்தது. கடன்காரர்கள் மாமா வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள். சட்டப்படி அதில் தப்பே இல்லை. 1932 கூட்டாண்மைச் சட்டத்தில் நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியும் தனியாகவும் பொறுப்பு. அத்தையின் வளையல்கள் அதில்தான் போயின.

எங்களுடையது எல்.எல்.பி. வகைக் கூட்டாண்மை, கூட்டாளியின் பொறுப்புக்கு வரம்பு உண்டு என்பீர்கள். சரி அம்மா, வங்கிக் கடன் யார் பேரில்? டூயி அண்ட் லெபஃப் உங்கள் நியூயார்க்கில் இருந்த சட்ட நிறுவனம்தான். ஒரு காலத்தில் ஆயிரத்துக்கு மேல் வக்கீல்கள். 2012 மே மாதம் திவால் மனு கொடுத்தது. பார்ட்னர்கள் கடன் வாங்கிப் போட்ட மூலதனம் கரைந்துவிட்டது, கடன் கரையவில்லை. பார்க்லேஸ் வங்கி ஒரு முன்னாள் பார்ட்னர்மேல் லண்டனில் வழக்குப் போட்டு, 2015இல் 5,40,000 டாலர் கடனுக்குத் தீர்ப்பு வாங்கியது. அது போதாதென்று, கைக்கு வந்து செலவாகிவிட்ட லாபப் பங்கிலும் ஒரு பகுதியை நூற்றுக்கணக்கான பார்ட்னர்கள் திருப்பிக் கட்ட வேண்டிவந்தது.

நிறுவனத்துக்கே வங்கியில் எவ்வளவு கடன் இருக்கிறது? லாபம் வந்தாலும் வராவிட்டாலும் இவ்வளவு தருகிறோம் என்று யாருக்காவது எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? டூயியைச் சாய்த்ததில் அந்த வாக்குறுதிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. விலகினால் உங்கள் மூலதனம் எத்தனை மாதத்தில் திரும்பும்? வாய்விட்டுக் கேளுங்கள். தப்பாக நினைப்பார்களே என்று மட்டும் எனக்குப் பதில் எழுதாதீர்கள், எரிச்சல் வரும். மாமாவும் அதையேதான் சொன்னார்.

இன்னொன்று. ஜனவரியிலிருந்து சம்பளத்தில் வரி பிடித்துத் தரமாட்டார்கள், நீங்களே கட்ட வேண்டும். ஒரு நல்ல ஆடிட்டரை இப்போதே பாருங்கள். ஆபீஸ் சிபாரிசு செய்கிற ஆள் வேண்டாம்.