செந்தூலில் இருந்துகொண்டு எலக்ட்ரானிக்ஸ் பாகங்களை எங்கே வாங்குவது?

இரண்டாம் படிவம் படிக்கும் மகளுக்கு எலக்ட்ரானிக்ஸில் ஆர்வம் வந்திருக்கிறது, வீடு கோலாலம்பூர் செந்தூலில், பேரங்காடியில் இருக்கும் கடைகளிலேயே மின்னோட்டத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர், சின்ன விளக்கான எல்இடி, புரோகிராம் எழுதி ஓட்டும் ஆர்டுயினோ பலகை எல்லாம் வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாகங்கள் அங்கே கிடைக்காது. கருவிகள் தாராளமாகக் கிடைக்கும். அதனால் கருவிகளை வீட்டுப் பக்கத்திலேயே வாங்கிக்கொண்டு, பாகங்களுக்கு மகளையும் கூட்டிக்கொண்டு புடு வட்டாரத்து ஜாலான் பாசாருக்குப் போங்கள். நான் பல வருடங்களாக அப்படித்தான் செய்துவருகிறேன்.

பேரங்காடிக் கடையில் ஏன் இல்லை என்று மகள் கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள். அங்கே விற்கும் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பொட்டலம், ஒரு பார்கோடு, அலமாரியில் ஓர் இடம் வேண்டும். சில காசுக்கு விற்கும் ரெசிஸ்டரை நூற்றுக்கணக்கான மதிப்புகளில் அடுக்கிவைத்தால் கடை வாடகைக்கே கட்டாது. அமெரிக்காவில் 1921-இல் தொடங்கிய ரேடியோஷாக், பாகங்களுக்கென்றே இழுப்பறைகள் வைத்து ஊர் ஊராகக் கடை நடத்தியது. பிற்காலத்தில் கைப்பேசி விற்பனைக்கே முக்கியத்துவம் கொடுத்தது. 2015-இல் திவால் மனு போட்டது.

பேரங்காடியில் இருக்கும் மிஸ்டர் டிஐஒய் மாதிரி வீட்டுச் சாமான் கடைகளில் என்ன வாங்கலாம்? சின்னத் திருப்புளி செட், மூக்குக் குறடு, வயர் வெட்டும் குறடு, சூடு காட்டினால் சுருங்கும் டியூப், சர்க்யூட்டை உள்ளே வைக்க மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. வோல்ட்டேஜ், மின்னோட்டம் அளக்கும் மல்டிமீட்டரும் மலிவானதாக வாங்கலாம், பேட்டரியில் ஓடும் சர்க்யூட்டுக்கு அது போதும். ஆனால் சுவர் பிளக்கில் வரும் 230 வோல்ட்டை அளக்க அதைப் பிள்ளை கையில் கொடுக்கவே கூடாது. பாகங்களைப் பற்றவைக்க உருக்கும் ஈயக்கம்பியை மட்டும் அங்கே வாங்காதீர்கள், பல பொட்டலங்களில் என்ன கலவை என்றே போட்டிருக்காது. 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம் கலந்த 0.8 மில்லிமீட்டர் கம்பியைக் கேட்டு வாங்குங்கள். அது 183 டிகிரியில் உருகி, சூடு இறங்கியதும் சட்டென்று இறுகிவிடும், புதிதாகப் பழகும் கைக்கு நல்லது. பற்றவைக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். முடிந்ததும் கை கழுவச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் அந்தக் கடைகளில் உண்டு, யாரும் சொல்வதில்லை: தோட்டத்தில் குத்திவைக்கும் சோலார் விளக்கு. அதை வாங்கிப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ஒரு சின்ன சோலார் பலகை, 1.2 வோல்ட் ரீசார்ஜ் பேட்டரி, ஓர் எல்இடி, ஒரு கம்பிச் சுருள், பெரும்பாலும் நாலு கால் வைத்த ஒரு சிப். வெள்ளை எல்இடி எரிய 3 வோல்ட் பக்கம் வேண்டும், பேட்டரியில் இருப்பதோ 1.2. அந்தச் சிப் சுருளில் ஓடும் மின்னோட்டத்தை வேகமாக விட்டுவிட்டு நிறுத்தி, வோல்ட்டேஜை உயர்த்துகிறது. இருட்டியதும் சோலார் பலகையின் வோல்ட்டேஜ் விழுவதைப் பார்த்துத்தான் விளக்கைப் போடுகிறது, தனியாக சென்சார் கிடையாது. பலகையைக் கையால் மூடினால் எரியும், எடுத்தால் அணையும். பாடப்புத்தகத்தில் பல பக்கம் படிக்க வேண்டியதை ஒரு பிள்ளை கையிலேயே பார்த்துவிடும்.

இனி ஜாலான் பாசார். உங்களுக்கு ரொம்ப வசதி: செந்தூலில் எல்ஆர்டி ஏறினால் மாறாமலே புடு நிலையத்தில் இறங்கலாம், அங்கிருந்து நடைதான். பல கடைகளில் சாமான் கவுண்டருக்குப் பின்னால்தான் இருக்கும். பாகத்தின் எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "பாஸ், துஜு லாபான் கோசோங் லீமா அடா?" (7805 இருக்கிறதா?) என்று மலாயில் கேட்டால், வோல்ட்டேஜை 5-இல் நிறுத்தும் 7805 ரெகுலேட்டர் வந்துவிடும். "ரேடியோவுக்கு ஒரு சாமான் வேணும்" என்று நின்றால், பின்னால் நிற்கும் ரிப்பேர்காரர்களுக்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டியதுதான். எண் தெரியாவிட்டால் கெட்டுப்போன பாகத்தையே கொண்டுபோய்க் காட்டுங்கள். பேச்சை மகளையே பேசவிடுங்கள். கவுண்டர் அங்கிள் "இது எதுக்கு? எத்தனை வோல்ட்?" என்று திருப்பிக் கேட்பார், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயாராகிப் போவதே ஒரு படிப்பு.

அதிக மின்னோட்டத்தைத் தாங்கும் பவர் டிரான்சிஸ்டர் வாங்கும்போது மட்டும் கவனம். 2என்3055, 2எஸ்சி5200 போன்றவற்றில் பெயர் மாற்றி அச்சடித்த போலிகள் உலகம் முழுக்கச் சுற்றுகின்றன. 18650 என்னும் லித்தியம் ரீசார்ஜ் பேட்டரியும் அப்படித்தான். கொள்ளளவு 9900 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் அப்படியே திருப்பிவைத்துவிடுங்கள், நல்ல கம்பெனிகளின் செல்லே வழக்கமாக 3500 பக்கம் நின்றுவிடும். இந்த வயதுப் பிள்ளைக்கு அந்த பேட்டரியே வேண்டாம். சிரிம் தர முத்திரை உள்ள 5 வோல்ட் யுஎஸ்பி சார்ஜர் போதும்.

ஆர்டுயினோ வகைப் பலகைக்கு நான் சைட்ரோனைச் சொல்வேன். பினாங்கின் பெருநிலப் பக்கத்தில் இருக்கும் நம் நாட்டு நிறுவனம், இணையத்தில் ஆர்டர் செய்தால் வீட்டுக்கே அனுப்புவார்கள். அவர்களுடைய மேக்கர் ஊனோவில் எல்இடிகளும் ஒலி எழுப்பும் ஒரு பஸ்ஸரும் பலகையிலேயே இருக்கின்றன, வயர் எதுவும் செருகாமலே முதல் புரோகிராமை ஓட்டிப் பார்க்கலாம். பினாங்கு என்றதும் எனக்கு எப்போதும் ஓர் ஆதங்கம் உண்டு. இன்டெல் 1972-இலேயே அங்கே வந்துவிட்டது, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் நம் வீட்டுப் பெண்கள் எத்தனையோ பேர் வேலை செய்தார்கள். சிப்பைச் சோதித்துக் கப்பலேற்றும் நாட்டில், ஒரு பிள்ளை ஒற்றைச் சிப் வாங்க நிற்கும் கவுண்டர்கள் குறைந்துகொண்டே போகக் கூடாது. ஆயிரக்கணக்கில் வேண்டுமென்றால் இணையத்தில் மலிவுதான். ஒன்றிரண்டுக்கு ஜாலான் பாசார் போங்கள்.

முதல் தடவை இதை எழுதிக்கொண்டு போகலாம்: கால் வாட் ரெசிஸ்டரில் 220 ஓம், 1 கே, 10 கே, ஒவ்வொன்றிலும் பத்து, சிவப்பு எல்இடி பத்து, விளக்கை மினுக்கவைக்க உதவும் 555 டைமர் சிப் இரண்டு, மின்சாரத்தைக் கொஞ்சம் சேமித்துவைக்கும் கெப்பாசிட்டரில் 100 நானோஃபாரட் செராமிக், 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கொஞ்சம், பற்றவைக்காமலே பாகங்களைச் செருகிப் பார்க்கும் ஒரு பிரெட்போர்ட், அதில் இணைப்புக் கொடுக்க ஜம்பர் வயர். 5 வோல்ட்டில் சிவப்பு எல்இடியோடு 220 ஓமைச் சேர்த்தால் ஏறக்குறைய 14 மில்லிஆம்பியர் ஓடும், எல்இடிக்கு ஆபத்தில்லை.