டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் நிலையான பதிப்பான ஸ்டேபிளில் இருக்கிறேன். இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் கிளையான சிட்டிலிருந்து ஒரே ஒரு பேக்கேஜை (மென்பொருள் தொகுப்பை) மட்டும் எடுத்துப் போடலாமா?

அந்த "ஒரே ஒரு" என்பதில்தான் சிக்கல். நானும் அப்படி நினைத்துத்தான் இறங்கினேன்.

படம் திருத்தும் மென்பொருள் ஒன்றின் புதுப் பதிப்பு எனக்கு வேண்டியிருந்தது. மென்பொருளை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் சோர்ஸஸ் லிஸ்ட்டில் சிட்டுக்கு ஒரு வரி சேர்த்தேன். பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்ட் நீளமாக ஒரு பட்டியல் காட்டியது. படிக்காமலே சம்மதம் என்று ஒய் தட்டினேன். புதுப் பதிப்பு புது க்ளிப்சியோடு சேர்த்துக் கம்பைல் செய்யப்பட்டது, அதனால் அதுவும் வந்தது. க்ளிப்சி என்பது கணினியில் ஏறக்குறைய எல்லா நிரலும் நம்பி நிற்கும் நூலகம். அதன் பின்னாலேயே இன்னும் பல வந்தன. அவற்றோடு ஒத்துப்போகாத பழையவை வெளியேறின. "நீக்கப்படும்" பட்டியலில் என் டெஸ்க்டாப்பில் பாதி இருந்திருக்கிறது. மறுநாள் காலையில் கறுப்புத் திரையும் கர்சரும்தான். தப்பு முழுக்க என்னுடையது.

சரி, பழையதற்கே திரும்பலாம் என்றால், டவுன்கிரேடை டெபியன் ஆதரிப்பதில்லை. பேக்கேஜ்களுக்குள் இருக்கும் ஸ்கிரிப்ட்கள் மேலே ஏறுவதற்கென்று எழுதப்பட்டவை. ஹோம் ஃபோல்டரைக் காப்பி எடுத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக நிறுவினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போச்சு.

உடைந்தது கண்ணுக்குத் தெரிந்தால்கூடப் பரவாயில்லை. எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒருவர் திட்டமிட்டுப் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்திருந்தார். அது சிட், அடுத்த ஸ்டேபிளாகத் தயாராகும் டெஸ்டிங் இரண்டிலும் நுழைந்துவிட்டது, ஸ்டேபிளில் 5.4 வரிசை இருந்ததால் தப்பியது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் லாகினுக்கு அரை நொடி கூடுதலாவதைக் கவனித்து, ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருளாளர் 2024 மார்ச் 29 அன்று வெளியில் சொன்னார். அவர் அதைக் கண்டதும் ஒரு சிட் கணினியில்தான்! சிட்டை யாராவது ஓட்டத்தான் வேண்டும். ஆனால் அரை நொடியைத் துருவிப் பார்க்கிற ஆளா நாம்?

முதலில் பேக்போர்ட்ஸில் தேடுங்கள். அதில் இருப்பவை ஸ்டேபிளுக்கென்றே மறுபடி கம்பைல் செய்யப்பட்ட புதுப் பதிப்புகள். இல்லையென்றால், தேவையான நூலகங்களைத் தன்னோடே கொண்டுவரும் ஃப்ளாட்பேக். வேடிக்கை பார்க்க மட்டும் என்றால் கணினிக்குள் கணினியாக ஓடும் விர்ச்சுவல் மெஷின் போதும். அப்புறமும் சிட்தான் என்று அடம்பிடித்தால், ஆப்ட்டின் சிமுலேட் வசதியில் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். க்ளிப்சி பெயர் தென்பட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சோர்ஸஸ் லிஸ்ட்டில் சேர்த்த வரியையும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். பின்னிங் (எந்தக் கிளைக்கு முன்னுரிமை என்று ஆப்ட்டுக்குச் சொல்வது) எதுவும் செய்யாமல் விட்டுவைத்தால் அடுத்த ஃபுல் அப்கிரேடில் மொத்தக் கணினியும் சிட்டாக மாறப் பார்க்கும்.